கடல்தான் மதில்: வெள்ளைக்காரர் கால அரசியல் கைதிகளும் யாழ்ப்பாணமும்

கேள்வி இதுதான்: "வெள்ளைக்காரர் காலத்தில் 'அரசியல் கைதி' என்று தனியாக ஒரு வகை இருந்ததா? இந்தியாவில் வ.உ.சி., திலகர் என்று நிறையப் பேரைச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படி யாராவது மறியலுக்குப் போனார்களா? பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள், அதற்காகக் கேட்கிறேன்."

சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. கலகக்காரன், ராஜத்துரோகி, சதிகாரன், கொள்ளைக்காரன் என்றெல்லாம் எழுதுவார்கள். 'அரசியல்' என்ற சொல்லை மட்டும் எழுத மாட்டார்கள். எழுதினால் எதிரே நிற்பவனுக்கும் ஓர் அரசியல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் நடைமுறையில் அப்படிப்பட்ட ஆட்களை ஆட்டுக்கள்ளனைப் போல நடத்தவும் இல்லை. பிடித்து, சொந்தச் சனமும் பாஷையும் இல்லாத ஒரு கரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சிறைச்சாலை மதிலை விடக் கடலைத்தான் அவர்கள் கூடுதலாக நம்பினார்கள். யாழ்ப்பாணம் இந்தக் கதையில் இரண்டு கரையிலும் நிற்கிறது: இங்கிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள், வேறிடத்து ஆட்களை இங்கேயும் கொண்டுவந்தார்கள். ஒப்படைக்கு இவ்வளவு போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். போதாதென்றால் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், நீளமாகத்தான் போகும்.

முதலில் கேள்வியில் நீங்களே எழுதிய 'மறியல்' என்ற சொல். தமிழ்நாட்டில் மறியல் என்றால் கள்ளுக்கடை முன்னால் போய் நிற்பது, ரயிலை மறிப்பது. மறியல் செய்தவன் அப்புறம் சிறைக்குப் போவான். நம்மூரில் மறியல்தான் சிறையே. "அவன் ரெண்டு வருசம் மறியலிலை கிடந்தவன்" என்றால் களவோ கத்திக்குத்தோ செய்து உள்ளே போனவன் என்றுதான் காது எடுக்கும். நீதிமன்றத் தமிழில் இன்றைக்கும் விளக்கமறியல் என்றுதான் எழுதுகிறார்கள். ஒரே சொல் பாக்கு நீரிணையின் ஒரு கரையில் போராட்டத்துக்கும் மறு கரையில் தண்டனைக்கும் பெயராக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் இரண்டு கரையின் சரித்திரத்தையும் படித்தால் அது அவ்வளவு தற்செயலாகத் தெரியாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

போர்த்துக்கேயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்து முதல் பெரிய கைதி அரசனேதான். 1591இல் அவர்கள் படையெடுத்து வந்து, இருந்த அரசனைக் கொன்று, தங்களுக்கு இசைந்த எதிர்மன்னசிங்கனை இருத்தினார்கள். அவனுக்குப் பிறகு ஆட்சியைப் பிடித்த சங்கிலி குமாரன் கண்டியோடும் தஞ்சாவூரோடும் தொடர்பு வைத்தது போர்த்துக்கேயருக்குப் பிடிக்கவில்லை. 1619இல் பிலிப் தெ ஒலிவேராவின் படை நல்லூரைப் பிடித்தது. சங்கிலி கடல் வழியே தப்பப் பார்த்து அகப்பட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய் விசாரணை நடத்தி அங்கேயே மரண தண்டனை கொடுத்தார்கள்.

ஏன் கோவா? தலையை எடுப்பதென்றால் நல்லூர் முத்திரைச்சந்தியிலேயே எடுத்திருக்கலாமே. சொந்த ஊரில் கொன்றால் அந்த இடம் கோவிலாகிவிடும் என்ற பயமும், விசாரணை என்ற ஒரு சடங்கைத் தங்கள் தலைநகரத்தில் நடத்திக் காட்ட வேண்டிய தேவையும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். எஞ்சியிருந்த அரச குடும்பத்தாரை மதம் மாற்றி, துறவற மடங்களில் சேரும்படி ஊக்கப்படுத்தினார்கள். துறவிக்குப் பிள்ளை ஏது? பிள்ளை இல்லையென்றால் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்க ஆளும் இல்லை. விலங்கு போடாமலே ஒரு வம்சத்தை மறியலில் போடலாம் என்று அன்றைக்கே கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒல்லாந்தர் காலத்துக்கு வந்தால் நம்மூர்ச் சனத்துக்கு உடனே ஞாபகம் வருவது பூதத்தம்பி. ஊர்க் கூத்துகளில் விடிய விடிய ஆடிய கதை. சின்ன வயதில் அந்திராசி மேடைக்கு வந்தாலே பெண்கள் பக்கமிருந்து வசவு பறக்கும், நானே கேட்டிருக்கிறேன். கதை இவ்வளவுதான்: பூதத்தம்பி ஒல்லாந்தரிடம் பெரிய உத்தியோகம் பார்த்தவன். அவன் மனைவி அழகவல்லிமேல் அந்திராசி முதலிக்குக் கண். அவள் இணங்கவில்லை. அந்திராசி ஏதோ அலுவலைச் சாட்டி ஒரு வெற்றுத்தாளில் பூதத்தம்பியிடம் கையெழுத்து வாங்கி, அதே தாளில் போர்த்துக்கேயரோடு சேர்ந்து கோட்டையைப் பிடிக்கச் சதி என்று எழுதி மேலிடத்தில் கொடுத்துவிடுகிறான். விசாரணை பேருக்கு. பூதத்தம்பியின் தலை போகிறது.

இது கூத்து. ஆனால் அடியில் உண்மையான ஒரு சம்பவம் கிடக்கிறது. 1658 ஜூனில் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை கிடந்து ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். சில மாதத்துக்குள்ளேயே, கோட்டையைத் திரும்பப் போர்த்துக்கேயருக்குப் பிடித்துக் கொடுக்கச் சதி என்று பலரைப் பிடித்துக் கொன்றார்கள். அதில் ஓர் இயேசு சபைக் குருவின் தலையும் போனது. ஒல்லாந்தருக்கு வேண்டியவராக மனுவேல் அந்திராதோ என்ற பெயர் அக்கால எழுத்துகளிலும் வருகிறது. கூத்துக்கும் பதிவுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்பது வேறு விவாதம். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த வெற்றுத்தாள்தான். முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தைய கதையில், ஆட்சிக்கு எதிரான குற்றம் என்றதும் சனம் முதலில் யோசித்தது நிரப்பாத தாளில் வாங்கிய கையெழுத்தை. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு அறுபது வயது தாண்டிய யாருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே தண்ணீரில் நிற்கிறதே கடற்கோட்டை, அதையும் பூதத்தம்பி கோட்டை என்று சொல்பவர்கள் உண்டு. ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம், இந்த இடம் அதன் குதிக்காலாம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. 1658இல் உள்ளே இருந்தவர்கள் இரண்டு வாரம் தாக்குப்பிடித்து, குடிநீர் தீர்ந்ததால்தான் வெளியே வந்தார்கள். ஒரு காவல்கோட்டைக்கு அது பெரிய குறை. சிறைக்கு அதுவே வசதி. சுற்றிவர உப்புத் தண்ணீர், உள்ளே போகும் நல்ல தண்ணீர் காவல்காரன் கையில். பிற்காலத்தில் அது சிறையாகவே பயன்பட்டது. இப்போது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி.

கடலை மதிலாக வைப்பதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் ஒல்லாந்தக் கம்பனிக்காரர்தான். ஜாவாவில் அடங்காத அரசன், சுலாவெசியில் அடங்காத ஞானி என்று யாராக இருந்தாலும் கப்பலில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். ஜாவாவின் மாதராம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தான், இங்கேயே செத்தான். மக்காசரைச் சேர்ந்த ஷேக் யூசுப் 1684இல் இலங்கைக்கு வந்தார். அவர் இங்கே இருந்தும் ஹஜ் போய்வரும் பயணிகள் மூலம் ஊரோடு தொடர்பு வைத்திருந்தார் என்று தெரிந்ததும், 1694இல் இன்னும் தூரமாக ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பிவிட்டார்கள். இலங்கை போதிய தூரமில்லை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். இப்படி வந்தவர்களைக் கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று கம்பனியின் கோட்டைகள் இருந்த ஊர்களில் பிரித்து வைத்தார்கள். இவர்களுக்குச் சங்கிலி இல்லை, அறை இல்லை. மாதப் படி உண்டு, வேலையாட்கள் உண்டு. ஊருக்குப் போக முடியாது, அது ஒன்றுதான். இலங்கை மலாய்க்காரர் சிலருடைய வம்சக் கதைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைச் சண்டையில்லாமலே வாங்கிக்கொண்டார்கள். கோட்டையோடு ஒல்லாந்தரின் பழக்கத்தையும் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம், ஆனால் அதை அவர்கள் செய்த அளவு யாரும் செய்ததில்லை. அக்கரையைப் பாருங்கள். மருது சகோதரரை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபின், 1802 பெப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அதில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, சிறுபையன். தில்லியின் கடைசி முகலாயனை ரங்கூனுக்கும், பர்மாவின் கடைசி அரசனை இரத்தினகிரிக்கும் அனுப்பினார்கள். அரசர்களை இடம் மாற்றி மாற்றி வைப்பது ஏதோ சொக்கட்டான் காய் நகர்த்துவது மாதிரி.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை 1815 பெப்ரவரி 18ஆம் தேதி பிடித்தார்கள். அடுத்த வருசத் தொடக்கத்தில் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு. பதினாறு வருசம் அங்கே இருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவன் சமாதி இருக்கிறது. வேலூர் போகிறவர்கள் பொற்கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

அரசனை விட எனக்கு முக்கியமாகப் படுவது 1815 மார்ச் 2ஆம் தேதி எழுதிய கண்டி ஒப்பந்தத்தின் ஒரு வாசகம். அரசனின் ஆண் உறவினர் அனைவரும், உறவினர் என்று சொல்லிக்கொள்பவர்களும்கூட, கண்டி நாட்டின் எதிரிகள். எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும், அதாவது தமிழரும், திரும்பி வரக்கூடாது. மீறினால் இராணுவச் சட்டப்படி தண்டனை. இதில் யாரும் எதையும் செய்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. பிறப்புத்தான் குற்றம். விசாரணை என்ற சடங்கு சங்கிலிக்காவது கிடைத்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தார் பலர் கண்டி அரசைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத கதையாக நினைக்கிறார்கள். இந்த வாசகத்தை ஒருமுறை வாசித்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கலகத்தில் அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். அரசன் என்று முடிசூட்டிக்கொண்ட கொங்காலேகொட பண்டாவுக்குத் தூக்கு விதித்து, அப்புறம் அதை நூறு சவுக்கடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றினார்கள். மலாக்கா போய் ஒரு வருசம் முடிவதற்குள் அவர் செத்துப்போனார். மறுபக்கத்தில், இலங்கை மற்றவர்களுக்குச் சிறையாக இருப்பதும் நிற்கவில்லை. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883இல் வந்து 1901 வரை இருந்தார். தென்னாபிரிக்காவில் தங்களோடு போரிட்ட போயர்களில் பிடிபட்ட கைதிகள் சுமார் 5,000 பேரைத் தியத்தலாவையில் வைத்திருந்தார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு மாற்றம் நடந்தது. அரசன், பிரதானி போன்ற ஆட்களின் காலம் முடிந்து வக்கீல், ஆசிரியர், பத்திரிகைக்காரர் காலம் வந்தது. இவர்களிடம் வாளில்லை, வாயும் பேனாவும்தான் இருந்தன. ஆகவே பேச்சைக் குற்றமாக்க வேண்டியதாயிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் 124ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அதன் தம்பி 120ஆம் பிரிவு: அரசுமீது அதிருப்தியைத் தூண்டுதல்.

ஆனால் வழக்குப் போட்டால் சாட்சி வேண்டும், நீதவான் விடுதலை செய்துவிடக்கூடும். அதற்கும் மாற்று இருந்தது. 1818ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குவிதி மூன்றின்படி, விசாரணையே இல்லாமல் ஒருவரை 'அரசுக் கைதி' என்று அடைக்கலாம். லாலா லஜபதிராயை 1907இல் மண்டலேக்கு அனுப்பியது அதன் கீழ்தான். 'அரசியல்' என்ற சொல்லுக்கு மிகக் கிட்ட அவர்கள் வந்தது இந்த 'அரசுக் கைதி' வரைக்கும்தான். அதற்கும் அர்த்தம், உன்மேல் குற்றச்சாட்டு இல்லை, ஆனாலும் வெளியே விட மாட்டோம் என்பதே.

வ.உ.சி.யின் கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன், கேட்டுப்பார்த்தால் படம் பார்த்த அளவுக்குத்தான் தெரிகிறது. அவருடைய கப்பல் ஓடியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில். அதாவது நம் பக்கத்துக் கடல். 1908 ஜூலை 7ஆம் தேதி திருநெல்வேலியில் இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது வருசம் என்று தீர்ப்பு. மேன்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். அதே வருசம் அதே ராஜத்துரோகச் சட்டத்தில் தண்டனை பெற்ற திலகரை மண்டலேயில் ஒரு மேசை, புத்தகங்கள், பென்சிலோடு வைத்திருந்தார்கள். ஒருவர் அங்கே பெரிய நூல் எழுதி முடித்தார், மற்றவர் எண்ணெய் ஆட்டினார். அரசியல் கைதி என்ற வகையைச் சட்டத்தில் எழுதாமல் விட்டதன் வசதி இதுதான்: யாரை எப்படி நடத்துவது என்பது முழுக்க மேலிடத்து விருப்பம். இதற்காகத்தான் பகத்சிங்கும் தோழர்களும் லாகூர்ச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜதீன் தாஸ் 63 நாள் இருந்து 1929 செப்டெம்பர் 13ஆம் தேதி இறந்தார். அதன்பிறகு வந்த ஏ, பி, சி வகுப்புகளும் அரசியலை ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பும் அந்தஸ்தும் பார்த்துத்தான் வகுப்புக் கொடுத்தார்கள்.

இனி யாழ்ப்பாணத்துச் சிறை. கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் எதிர்பார்த்த ஆளாக இருக்காது.

1915 மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் மேல் மாகாணம் வரை பரவியது. அடிபட்டவர்கள், கடை இழந்தவர்கள், உயிரிழந்தவர்கள் முஸ்லிம்கள். இதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்காலத்தில் இந்தக் கதையைத் தேசிய எழுச்சியாகச் சொல்பவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தேசாதிபதி சாமர்ஸ் அதைக் கலவரமாகப் பார்க்கவில்லை. முதலாம் உலக யுத்தம் நடக்கும் நேரம், சிங்களவர் ஆட்சியைக் கவிழ்க்கப் போகிறார்கள் என்று பயந்து ஜூன் 2ஆம் தேதி இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த டி.எஸ். சேனநாயக்க, எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றவர்களைப் பிடித்து வெலிக்கடையில் போட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள்.

பிடிபட்டவர்களில் எட்மண்ட் ஹேவாவிதாரண ஒருவர். சிங்கள பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலாவின் தம்பி. பெரிய தளபாட வியாபாரக் குடும்பம். இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணச் சிறை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிப் பத்து வருசம்தான் ஆகியிருந்தது. ஜாவா அரசனுக்கு இலங்கை எப்படியோ, கொழும்புச் சிங்களவருக்கு யாழ்ப்பாணம் அப்படி. பாஷை வேறு, கோவில் வேறு, சாப்பாடு வேறு, பார்க்க வருகிற மனுசரும் இல்லை. கடல் இல்லாவிட்டாலும் வன்னிக் காடு இருந்தது. 1915 நவம்பர் 19ஆம் தேதி நெருப்புக்காய்ச்சலில் அவர் சிறையிலேயே இறந்தார். அண்ணனும் பக்கத்தில் இல்லை. தர்மபாலாவை அந்த நேரம் கல்கத்தாவை விட்டு அசையக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள்.

பேத்தியின் ஒப்படைக்கு 'யாழ்ப்பாணச் சிறையில் இறந்த அரசியல் கைதி' என்று ஒரு பெயர் வேண்டுமென்றால், இந்தப் பெயரை எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் அதை எழுதுவது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். அவர் அண்ணன் தர்மபாலா தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றி எழுதியவை நமக்குத் தெரியும். இருந்தாலும் ஒருவரைச் சாட்சியம் சரியாகப் பார்க்காமல், மேன்முறையீடு இல்லாமல், ஊர் விட்டு ஊர் கொண்டுவந்து சாகவிட்டது சரியாகிவிடாது. அன்றைக்கு அதைச் சொன்னவரும் ஒரு தமிழர்தான். பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து இராணுவச் சட்டத்தின் அநியாயத்தைப் பேசினார். நீர்மூழ்கிக் கப்பல் பயம் இருந்த நேரத்தில் லண்டன் போய் வாதாடினார், 1916இல் இதைப்பற்றி அங்கே ஒரு நூலும் வெளியிட்டார். சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். இராமநாதன் திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்தார்கள். அந்த வாதத்தில் அவர் முஸ்லிம்களின் இழப்பைக் குறைத்துப் பேசியது தமிழர், முஸ்லிம் உறவில் இன்னும் ஆறாத ஒரு கீறல், அதையும் சேர்த்தே எழுத வேண்டும். இன்னொரு சின்னச் செய்தி: அந்த நாட்களில் லண்டனில் இலங்கைத் தூதுக்குழுவுக்கு உதவிய ஆங்கிலேயர்களில் ஒருவர் லெனாட் வுல்ப். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், உத்தியோகம் தொடங்கியவர். ஆட்சி இயந்திரத்தை உள்ளே இருந்து பார்த்துவிட்டு வெளியேறிய மனுசர்.

அப்படியானால் யாழ்ப்பாணத்தார் யாரும் சுதந்திரம் கேட்டுச் சிறைக்குப் போகவில்லையா? இங்கேதான் மறியல் என்ற சொல் திரும்ப வருகிறது. 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் தலைமையில் பூரண சுயராச்சியம் கேட்டது. தெற்கில் அந்த அளவுக்கு யாரும் கேட்காத காலம் அது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை என்று முதல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு வேட்புமனுகூட விழவில்லை. இந்தியாவில் உப்பு அள்ளினால் சிறை. இங்கே வேட்புமனு போடாமல் இருப்பதற்கு எந்தப் பிரிவிலும் குற்றம் சாட்ட முடியாது. நான்கு கதிரைகளும் காலியாகக் கிடந்தன, சபை தன்பாட்டில் நடந்தது, 1934இல் இடைத்தேர்தல் வந்தது.

இதை வைத்து "யாழ்ப்பாணத்தான் பயந்தவன், உத்தியோகம் போய்விடும் என்று சிறைக்குப் போகவில்லை" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறை ஆயுதமாவது அரசு அடைக்கும்போதுதான். அடைக்காமல் அலட்சியம் பண்ணுகிற அரசிடம் என்ன செய்வது? ஆங்கிலேயர் இந்தியாவில் கற்ற பாடத்தை இங்கே வேறு மாதிரிப் பாவித்தார்கள் என்பதே என் கணிப்பு. ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்திய இயக்கம் அது, கைவிலங்கு இல்லாததால் அதற்குப் படமும் இல்லை, சிலையும் இல்லை.

சட்டம் ஒருமுறை எதிர்ப்பக்கம் வெட்டியதையும் சொல்ல வேண்டும். 1937இல் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய அவுஸ்திரேலியர் பிரேஸ்கேடிலை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. நாடுகடத்தும் அதிகாரத்தை ஒரு நீதிமன்றம் கையைப் பிடித்து நிறுத்தியது இந்த நீண்ட கதையில் அபூர்வமான காட்சி. யுத்தம் வந்ததும் அதுவும் போயிற்று. 1940 ஜூனில் இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரையும் வழக்கில்லாமல் தடுத்து வைத்தார்கள். 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். இரண்டு நாள் கழித்து நால்வரும் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து, தங்களுக்குக் காவல் இருந்த சிறைக்காவலரையும் கூட்டிக்கொண்டே வெளியேறினார்கள். பிறகு அவர்களில் சிலர் பாக்கு நீரிணையைக் கடந்து இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். அரசு மதிலாக நம்பிய கடலையே அவர்கள் வழியாக்கிக்கொண்டார்கள்.

ஒப்படையில் கடைசிப் பத்தியாக எதை எழுதலாம் என்று கேட்டால், 1947ஐ எழுதச் சொல்வேன். அந்த வருசம் மே, ஜூன் மாதங்களில் பெரிய வேலைநிறுத்தம். ஜூன் 5ஆம் தேதி பொலிஸ் சுட்டு கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் இறந்தார். அதே மாதம் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். 1947இன் 25ஆம் இலக்கம். அவசரகாலம் என்று அறிவித்துவிட்டால் விசாரணையில்லாமல் தடுத்துவைக்க விதி போடலாம். எட்டு மாதத்தில் சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, அந்தச் சட்டம் மாறவில்லை, இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கும் மேலே போய், பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக ஏற்கலாம் என்றது. பூதத்தம்பியின் வெற்றுத்தாள் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஆளைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கிற பழக்கமும் கைமாறி வந்தது. 1971இல் ஜே.வி.பி. தலைவர் ரோஹண விஜேவீரவைப் பிடித்ததும் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? யாழ்ப்பாணச் சிறைக்கு. ஏப்ரல் கிளர்ச்சியின்போது அவரை மீட்க யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையத்தைத் தாக்கவும் அவருடைய ஆட்கள் வந்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்ட சிங்கள இளைஞர் சிலரைக் கடற்கோட்டையில் வைத்தார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைப் பிடித்தபோது, கொண்டுபோனது காலிக்குப் பக்கத்துப் பூசா தடுப்பு முகாமுக்கு. தெற்கத்தியானுக்கு வடக்கு, வடக்கத்தியானுக்குத் தெற்கு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருந்தார். மகன் பூசாவில் இருந்த காலத்தில் மாதம் ஒருமுறை ராத்திரி பஸ் ஏறுவார். பனாட்டும் மிளகாய்த்தூளும் ஒரு பையில், துவாயில் சுற்றிய சவர்க்காரக் கட்டி இன்னொன்றில். கொழும்பில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு யாரிடம் எந்த வார்த்தையில் வழி கேட்பது என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்ததை, அவர் தமிழ் எழுத்தில் ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வைத்திருந்தார். மகன் வந்தபிறகும் அந்த மட்டை சாமிப்படத்துக்குப் பின்னால் பல வருசம் செருகிக் கிடந்தது.